பதினோரு அடி

தம்பெரே நகரம், ஜனவரியின் மூன்றாம் வெள்ளி,
வெளியே மைனஸ் இருபத்தாறு.
விடிகாலை நாலு மணிக்கு எங்கள் மென்பொருள்
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின்
வெந்நீர் வால்வுகளைச் சாத்திவிட்டது.
யாரும் சாகவில்லை.
ஹெர்வன்டாவிலிருந்து ஒருவர்
தொட்டியில் மீன்கள் பக்கவாட்டில் மிதக்கும் படத்தை
ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பியிருந்தார்.

குற்றவாளியைப் பிடிக்க
எங்களுக்கு முக்கால் மணி நேரம் போதுமாயிருந்தது.
பதிவில் கடைசிப் பச்சை டிக் யல்மாரியுடையது.
பார்த்தேன் என்றான்.
நான் பார்த்தபோது இந்த வரி இல்லை என்றான்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்து
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.
சும்மா இருப்பதும் ஓர் ஓட்டுத்தான்.

சாய்மி மட்டும்,
"நிரலை விடுங்கள்.
நம்மை மாதிரியாக எழுதிப் பார்க்கிறேன்" என்றாள்.
நம்மை என்றால்?
எழுதுகிறவர், பார்க்கிறவர், சேர்க்கிறவர்,
வெளியே அனுப்புகிறவர்.
மாறிகள் நாலு, விதிகள் ஒன்பது.
பெயர்களை எடுத்துவிட்டாள்.
காப்பி இல்லை, மகளின் காதுவலி இல்லை,
யாரை யாருக்குப் பிடிக்காது என்பதும் இல்லை.
"மனுஷனையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?"
"அவன் செய்யக்கூடியது மிஞ்சும்."

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்:
யாரும் பார்க்காத வரி
எந்த நிலையிலும் வீடுகளுக்குப் போகாது.
ஆறு வருடமாக
அதை நம்பித்தான் சம்பளம் வாங்கினோம்.

இயந்திரம் தேடப் புறப்பட்டது.
இது எங்கே நடக்கப்போகிறது என்று
எதையும் ஒதுக்கத் தெரியாத தேடல்.
நாற்பத்தோராயிரம் நிலைகள்.
மைக்ரோவேவில் என் சாப்பாடு சுற்றி முடிவதற்குள்
நின்றது.

பதினோரு அடி.

ஒன்று, எழுதுகிறவர் எழுதுகிறார்.
இரண்டு, பார்க்கிறவர் பார்க்கிறார்.
மூன்று, ஒப்புகிறார்.
நாலில் இன்னொருவர் திருத்தம் கேட்கிறார்.
ஐந்தில் எழுதியவர் மாற்றுகிறார்.
ஆறில்
ஒப்புதல் அப்படியே இருக்கிறது.

ஆறை இன்னொரு முறை படித்தேன்.
பழைய வாசகத்துக்குப் போட்ட கையெழுத்து
புதியதன் மேல், பசை தடவி ஒட்டினாற்போல.

மிச்சம் ஐந்து அடியிலும்
தப்பு செய்தவர் யாருமில்லை.
விதிப்படி நடந்து நடந்தே
வீடுகளைக் குளிரவைத்திருக்கிறோம்.

வாசகம் மாறினால் ஒப்புதல் விழவேண்டும் என்று
அமைப்பில் ஒரு பெட்டி உண்டு.
மூன்று வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை,
அதிலிருந்த டிக்கை எடுத்தவன் நான்.
வேலை தேங்குகிறது என்றார்கள்.
தேங்கியதும் உண்மை.
சாய்மிக்குத் தெரியும், அந்தப் பதிவில் பெயர் இருக்கிறது.
அவள் என்னைப் பார்க்காமல்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கைத் திரும்பப் போட்டு மறுபடி ஓட்டினாள்.
கெட்டது ஒருபோதும் நடக்காது: மெய்.
நல்லது என்றைக்காவது நடக்கும்: பொய்.
ஒருவர் திருத்த, ஒப்புதல் விழ,
மறுபடி கேட்க, மறுபடி திருத்த,
செக்குமாட்டு வட்டம்.
"நியாயம் சேர்க்கவேண்டும்" என்றாள்.
கலைச்சொல்தான் அது.
விடாமல் காத்திருப்பவருக்கு
ஒருநாள் முறை வந்தே தீரும் என்று
நிரூபிக்காமல் எடுத்துக்கொள்வது.

யல்மாரி அன்று வேலைக்கு வரவில்லை.
நேசியார்வி ஏரியின் உறைபனியில் துளை போட்டு
மீனுக்கு உட்கார்ந்திருப்பான் என்று தெரியும்.
கரையில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன்.
அடிகளை எண்ணினேன்; பதினொன்றில் விட்டுவிட்டேன்,
அவன் இன்னும் ஒரு புள்ளிதான்.

"அந்த ஆறாவது அடி நான்" என்றேன்.
மூச்சு வாங்கியதால்
பாதிதான் கேட்டிருக்கும்.

தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"பார்த்தேன் என்று சொன்னேனே" என்றான்.
இரண்டாம் முறையாகச் சொல்கிறான்.

ஆமாம் என்றேன்.